ப-வுக்கு ஏது முதுகு

மதுரையில் செம்புத் தகட்டின் மேல் மை போட்டு, மருந்துத் தண்ணியில் ஊறவைத்து, கரண்டு ஓடுகிற பாதையை முதன்முதலில் எடுத்துக் காட்டியவன் தவசிதான். வேறு எவனாவது நான்தான் முதலில் செய்தேன் என்று மார்தட்டினால், தவசி செத்துப்போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறான் என்று அர்த்தம். தவசி குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். இரண்டு கையும் இன்றைக்கும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

சொந்த ஊர் மேலூருக்குக் கிழக்கே, மழையை நம்பி விதைக்கிற ஒரு பட்டி. பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸோடு சரி. படித்தால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தன் பேரில் இருக்கிற மூன்று எழுத்தையும் மட்டும் அச்சடித்த மாதிரி எழுதுவான். அதிலும் 'த' இருக்கிறதே, அதைப் பார்த்து மட்டும்தான் வாத்தியார் பிரம்பை ஓங்காமல் விட்டாராம். படித்தவனுக்கு ஆயிரம் எழுத்து இருக்கும், எதன் மேலும் பாசம் இருக்காது. தவசிக்கு அந்த ஒரு எழுத்துதான் காணி நிலம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் டவுனுக்கு வந்து, கீழவாசல் பக்கம் பசுபதி என்பவனுடைய அச்சுக் கடையில் சேர்ந்தான். கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அடிக்கிற கடை. மரச்சட்டத்தில் மெல்லிசுத் துணியை இறுக்கிக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பரால் ஒரு இழுப்பு இழுத்தால் கீழே பையில் 'நல்வரவு' விழும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்பார்கள். பசுபதியும் பெரிய படிப்பாளி ஒன்றும் இல்லை. அவன் அப்பா வைத்துவிட்டுப் போன கடை. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மை படாமல் கல்லாவில் உட்காருவதுதான் அவன் கற்ற வித்தை.

ஒருநாள் மைக் செட்டுக்காரர் ஒருத்தர் ஆம்ப்ளிபயரைத் திறந்து, உள்ளே கருகிப்போன ஒரு அட்டையைக் காட்டிப் புலம்பினார். அட்டையில் செம்புக் கோடுகள் ஓடின. கோட்டு நுனியெல்லாம் ஓட்டை. ஓட்டையில் சாமான்களின் காலைச் சொருகி ஈயம் வைத்திருந்தார்கள்.

"இந்த போர்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும்பா. அதுக்குள்ள எங்க கோயில் கொடையே முடிஞ்சுரும்" என்றார்.

தவசி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நம்ம மஞ்சப்பை வேலைதானண்ணே. பைக்குப் பதிலா செம்பு" என்றான்.

சொல்லிவிட்டான். செய்வது லேசில்லை. செம்பு ஒட்டின ஷீட்டு வாங்கி, அதில் கோடு வேண்டிய இடத்தில் மை போட்டு, பெரிக் என்கிற காவித் தண்ணியில் முக்கினால், மை இல்லாத இடத்துச் செம்பை மருந்து தின்றுவிடும், மைக்கு அடியில் இருப்பது மட்டும் தப்பிக்கும். ஆனால் பத்திரிகை அடிக்கிற மை அந்த மருந்துக்கு நிற்கவில்லை, கரைந்து ஓடியது. என்னென்னவோ போட்டுப் பார்த்தான். கடைசியில் மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற பெயிண்டு ஞாபகத்துக்கு வந்தது. மழையிலும் சேற்றிலும் அடுத்த பொங்கல் வரை போகாத பெயிண்டு, மருந்துக்கா போகும்? போகவில்லை. எவன் சொல்லிக்கொடுத்தான்? எந்தப் புஸ்தகத்தில் இருந்தது? மாட்டுக் கொம்பிலிருந்து எடுத்தான்!

படம் போடுவதும் அவனேதான். கண்ணாடி மாதிரி இருக்கிற தாளில், சாமானின் கால் வருகிற இடத்திலெல்லாம் கறுப்புப் புள்ளி ஒட்டி, புள்ளிக்குப் புள்ளி கறுப்பு டேப்பை இழுக்க வேண்டும். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொட்டால் புகைதான். நிஜ அளவைப் போல் ரெட்டிப்பாகப் போட்டு, போட்டோ ஸ்டூடியோவில் கொடுத்துப் பாதியாகச் சுருக்கி பிலிம் எடுத்து வருவான். அந்த பிலிமிலிருந்துதான் ஸ்கிரீன்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிலிம் கண்ணாடி மாதிரி. எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும். புரட்டி வைத்துவிட்டால் இடது வலதாகிவிடும். ரெண்டு கால் சாமானுக்கு அதனால் ஒன்றும் மோசமில்லை. மூன்று கால், எட்டுக் கால் இருக்கிற சாமானுக்குக் கரண்டு வரவேண்டிய காலில் எர்த்தும், எர்த்து வரவேண்டிய காலில் கரண்டும் வந்து நிற்கும். முதல் தடவை தவசியே அப்படிப் புரட்டி வைத்து ஒரு கட்டு போர்டைப் பாழாக்கினான். அன்றிலிருந்து எந்தப் படம் போட்டாலும் மூலையில் ஒரு 'த' போடுவான். எழுத்து நேராகத் தெரிகிற பக்கம் மேலே. அவ்வளவுதான் சட்டம். எழுத்து நேராக இருந்தால் போர்டும் நேர்.

அந்த எழுத்து ஒவ்வொரு போர்டின் மூலையிலும் செம்பில் பொறித்து நின்றது. கொஞ்ச வருசத்தில் மைக் செட்டுக்காரர்கள் கடை வாசலில் வந்து, அந்த 'த'வைத் தானா என்று சொல்லி, "தானா போட்ட போர்டு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்லாவில் இருந்த பசுபதிக்கு அந்தக் கேள்வி காதில் காய்ச்சின ஈயமாக இறங்கியது. கடை அவன் கடை. கேட்கிற பேர் தவசி பேர்.

போர்டு வேலையில் வந்த லாபத்தில்தான் பசுபதி வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்குத் தவசியும் அவன் பெண்சாதி முத்துத்தாயும் போனார்கள். முத்துத்தாய் கண்டாங்கிச் சேலையும் கனகாம்பரமுமாக வந்திருந்தாள். முதல் பந்தியில் இடம் இருந்தது, உட்கார்ந்தார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் விழுந்துவிட்டது. பசுபதி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவன் தவசி முன்னால் நின்றான். பெரிக்கில் நாள் பூராவும் முங்குகிற கை. எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் நகக்கண் வரை மஞ்சள் போகாது.

"தவசி, கையைப் பாருடா. பக்கத்துல பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க, அருவருப்பா இருக்கும்ல? எந்திரி. அப்புறமா வேலையாளுகளோட உக்காந்துக்கலாம்" என்றான்.

சோறு விழுந்த இலையின் முன்னாலிருந்து எழுப்பினான். நம்ம பக்கத்தில் வெட்டுக்குத்தைக் கூடப் பேசித் தீர்த்துவிடுவார்கள். பந்தியிலிருந்து எழுப்பினதைத் தீர்ப்பதற்கு எந்தப் பஞ்சாயத்திலும் இடம் கிடையாது. தவசி எழுந்தான். முத்துத்தாயும் எழுந்தாள். எழுந்தவள் தன் இலையை மட்டும் மடித்து வைத்தாள், சாப்பிடாமலேயே. அப்படி மடித்தால், பட்ட அவமானம் தீராமல் இந்த இலை விரியாது என்று அர்த்தம்; அது அங்கே இருந்த பொம்பளைகளுக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போனால், பசுபதி பிலிம்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பிளேடால் மூலையில் இருந்த 'த'வையெல்லாம் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"கம்பெனிச் சாமான்ல கூலிக்கு வந்தவன் பேரு எதுக்குடா? நீ போர்டைக் கழுவுற கை. கழுவுறதோட நின்னுக்க."

"அது பேரு மட்டும் இல்லண்ணே, அது வந்து..." என்று சொல்ல வாயெடுத்தான் தவசி. அப்புறம் வாயை மூடிக்கொண்டான். ஏன் சொல்ல வேண்டும்? எழுத்து எதற்கு இருக்கிறது என்று கல்லாவில் உட்கார்ந்தவன் கடைசி வரை கேட்டதில்லை. கேட்காதவனுக்குச் சொல்கிற வித்தை வித்தையே இல்லை.

அன்றைக்கே வெளியே வந்தான். வருசக்கணக்காக அவன் ஒட்டின படம், பிலிம் அத்தனையும் பசுபதி அலமாரியில் தங்கிவிட்டன.

புதூரில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். முத்துத்தாய் டிரில் மிஷினில் ஓட்டை போடப் பழகிக்கொண்டாள். வாடிக்கை மெல்ல வந்தது. தானா போட்ட போர்டு எங்கே என்று தேடி வந்தார்கள். ஆனால் தினமும் சாப்பிட உட்காரும்போது முத்துத்தாய் அவன் கையை ஒரு பார்வை பார்ப்பாள்.

"மறக்கலை தாயி" என்பான் தவசி.

"மறந்தா சொல்லுங்க. நான் ஞாபகப்படுத்துறேன்" என்பாள் அவள்.

எண்பத்திரண்டு வாக்கில் ஒருத்தர் ரிப்பேருக்கு ஒரு போர்டு கொண்டுவந்தார். பசுபதி கடைச் சரக்கு. தவசி பார்த்ததும் கண்டுகொண்டான், தன் படம். அந்தக் கொட்டகைக்கு வந்தபிறகு போட்ட புதுப் படம். ஒரு இடத்தில் டேப்பை ஒட்டும்போது கை தவறி, நேராகப் போக வேண்டிய கோட்டை வளைத்துவிட்டிருந்தான். அந்தக் கோணல் அப்படியே இதிலும் இருந்தது. பெற்ற பிள்ளையின் மச்சத்தை அடுத்த வீட்டுத் தொட்டிலில் பார்த்த மாதிரி இருந்தது.

எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் பிலிம் எடுப்பது ஒரே ஸ்டூடியோதான். நடத்துகிற கருத்தக்கண்ணன், தவசிக்கு ஒரு பிலிம் எடுத்தால் பசுபதிக்கு இன்னொன்று எடுத்திருக்கிறான்.

"போய் ஸ்டூடியோ கண்ணாடியை நொறுக்கிட்டு வாங்க" என்றாள் முத்துத்தாய்.

தவசி கண் போர்டின் மூலையிலேயே நின்றது. 'த' இல்லை. அதைச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் பசுபதி தன் பேரில் முதல் எழுத்தைப் போட்டிருந்தான். 'ப'.

சுவரில் மாட்டியிருந்த முத்துத்தாயின் பொட்டுக் கண்ணாடி முன்னால் தன் போர்டு ஒன்றைப் பிடித்தான். கண்ணாடிக்குள் 'த' புரண்டு, கொக்கி மாறி, குழந்தை கிறுக்கின மாதிரி தெரிந்தது. பசுபதி போர்டைப் பிடித்தான். கண்ணாடிக்குள்ளும் 'ப'. வெளியிலும் 'ப'. முன்னால் பார்த்தாலும் 'ப', பின்னால் பார்த்தாலும் 'ப'.

தவசி சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது.

"என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றாள் முத்துத்தாய்.

"ஏ தாயி, இவன் எழுத்துக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லைடி! எந்தப் பக்கம் மேலன்னு இவனுக்கு யாரு சொல்லுவா?"

அதற்கப்புறம் அவன் கருத்தக்கண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னைவிடச் சிரித்துப் பேசினான். டீ வாங்கிக் கொடுத்தான். பாய்கிற கிடாய் பின்னால் போகும். தவசி பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் லைட் செட் விருமாண்டி வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். கோயில் திருவிழாவுக்கு மூங்கில் வளைவு கட்டி, சின்னச் சின்ன பல்பால் மயில், தாமரை, யானை எல்லாம் கட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. இப்போது அவருக்கு ஒரு ஆசை. விளக்கு சும்மா எரியக்கூடாது. ஓட வேண்டும்; மயில் தோகையை விரிக்க வேண்டும்.

"சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளத்துல அழகர் வர்ற பாதையில வளைவு நம்மளுது தவசி. மெட்ராஸ்ல ஐ.சி. வச்சு ஓட விடுறானாமே, நம்மளால ஆகாதா?"

"அண்ணே, மெட்ராஸ்காரனுக்கு மட்டும் என்ன மூணு கையா இருக்கு?"

ஐ.சி. என்பது பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த சின்னக் கறுப்புக் கட்டை. தவசி எங்கெங்கோ கேட்டு, நாலைந்து ஐ.சி.யைக் கருக்கி, பிலிம் இல்லாமல் கையாலேயே கோடு வரைந்து ஒரு போர்டு தயார் செய்துவிட்டான். கொட்டகையில் வைத்து ஓட்டிக் காட்டினான். ஒரு வரிசை பல்பு அலையாட்டம் ஓடியது. விருமாண்டி வாயைத் திறந்தவர் மூடவில்லை.

இப்போது தவசி அந்தக் காரியத்தைச் செய்தான். ஸ்டூடியோவுக்கு அனுப்புவதற்காகப் படத்தைப் புதிதாக ஒட்டினான்; முழுக்கப் புரட்டி. மூலையில் இருக்கிற 'த'வையும் புரட்டியே ஒட்டினான். பிலிமில் ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. எல்லாக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு மங்கல் பக்கத்தைத் துணியோடு ஒட்டித்தான் வைப்பார்கள். இந்த பிலிமை அப்படி வைத்தால் 'த' புரண்டு தெரியும். பார்த்தவன், அடடா, என்று பிலிமைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். போர்டு சரியாக வந்துவிடும். ஒரு குற்றமும் இல்லாத பிலிம். எழுத்தை அழிக்காதவனுக்கு ஒரு கெடுதலும் வராது.

"திருடினாக்கூடத் தப்பிச்சுக்கலாம் தாயி. என் பேரை விட்டு வச்சான்னா தப்பிச்சுக்கலாம்" என்றான்.

"விடமாட்டான்" என்றாள் முத்துத்தாய், டிரில் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "திருடுறது அவனுக்குப் பசி. பேரு போடுறது வெறி."

நினைத்த மாதிரியே நடந்தது. நினைக்காததும் ஒன்று நடந்தது. சித்திரை பிறக்கிற நேரத்தில் விருமாண்டி கொட்டகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பசுபதி ஆள் அனுப்பி, அதே போர்டு, இன்னும் சல்லிசாக, சாமானும் மாட்டியே தருகிறேன் என்று பேசி முடித்துவிட்டான். வளைவுக்கு வேண்டிய அத்தனை போர்டும் இனி பசுபதி சரக்கு.

பசுபதி எந்த மைக் செட்டுக்காரனிடமோ அவமானப்படுவான் என்று நினைத்து வைத்த கண்ணி அது. அழகர் வருகிற பாதையில் வந்து விழும் என்று நினைக்கவில்லை. தவசி வீட்டுக்கு அழகர்தான் சாமி. அவன் முடி இறக்கினதும் அங்கே, காது குத்தினதும் அங்கே. மலையிலிருந்து இறங்கி வருகிற சாமி, தன் கையால் வைத்த இருட்டுக்குள் நுழைவதா?

முத்துத்தாயிடம் சொன்னான். அவள் டிரில் மிஷினை நிறுத்தினாள்.

"இப்பவே போய்ச் சொல்லிரவா தாயி? பிலிமைத் திருப்பிப் போடுரான்னு?"

"சொன்னா என்ன செய்வான்? திருப்பிப் போட்டுக்கிட்டு, மூலையில ப-வையும் போட்டுக்கிட்டு, மாலையும் வாங்கிக்குவான். நான் இலையை மடிச்சு வச்சுட்டு வந்தவ. விரிக்க இன்னும் யாரும் வரலை." அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள்: "சாமிக்கு வெளிச்சத்தைக் குடுங்க. வேணாங்கலை. ஆனா இவனுக்குச் சும்மா குடுக்காதீக."

ஊருக்குள் வருகிற அழகரைச் சனம் எதிர்கொண்டு கும்பிடுகிற எதிர்சேவை அன்று காலையிலிருந்தே அழகர்கோவில் ரோடு சனமாகப் பொங்கியது. மாவிளக்கும் தோல்பையுமாக, தண்ணீர் பீய்ச்சுகிறவனும் திரியெடுத்து ஆடுகிறவனுமாகப் புதூர் தாண்டித் தல்லாகுளம் வரை தலைதான். அழகர் ஒவ்வொரு மண்டகப்படியாக நின்று வந்துகொண்டிருந்தார். உச்சி வெயிலில் விருமாண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தவசி, மானம் போச்சுடா."

"வாங்கண்ணே. என்ன, ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணோம். வழி மறந்துருச்சோ?"

"குத்திக் காட்டு, வாங்கிக்கிறேன். ஐ.சி. எல்லாம் போட்ட வேகத்துல கொதிக்குது, தொட்டா விரலு வேகுது. பசுபதி, ஐ.சி. டூப்ளிகேட்டுன்னு மெட்ராஸ்காரனை டிரங்கால் போட்டு வண்டை வண்டையா வைதான். வேற டப்பா ஐ.சி. வந்துச்சு. அதுவும் கருகுது. மயிலு தோகையை விரிக்கவும் இல்ல, மடக்கவும் இல்ல, செத்த கோழியாட்டம் தொங்குது. பொழுது சாய்ஞ்சா சாமி வந்துரும்டா."

தவசி துண்டை உதறித் தோளில் போட்டான். முத்துத்தாய் ஏற்கனவே கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு அடியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் பசுபதி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. முன்னால் போர்டுக் குவியல், பக்கத்தில் இன்னும் பிரிக்காத ஐ.சி. டப்பா. மூங்கிலில் ஏறி உட்கார்ந்திருந்த விருமாண்டியின் ஆட்கள் எல்லாரும் கீழே பார்த்தார்கள். தவசி ஒரு போர்டை எடுத்தான், மூலையைப் பார்த்தான். 'ப'. பார்த்தவுடன் அவனுக்கு அந்தப் புதுமனை வீட்டு இலையில் ஆவி பறந்த சோறு ஞாபகம் வந்தது.

"இதைச் சாயங்காலத்துக்குள்ள ஓட வைக்கலாம்ணே" என்றான் விருமாண்டியிடம்.

"நெசமாவா?"

"எங்க சாமி மேல சத்தியமா. ஆனா ஒரு வேலை இருக்கு. அதைப் பசுபதிதான் செய்யணும். ஒவ்வொரு போர்டுலயும் இந்த மூலையில இருக்கிற எழுத்தைப் பிளேடால சுரண்டணும். சுரண்டிட்டு, அங்கன பெயிண்டால 'த' எழுதணும். அவன் கையால."

பசுபதி துள்ளி எழுந்தான். "டேய், என்ன திமிருடா! அதுக்கு நான் வைகை ஆத்துல விழுந்து சாவேன்!"

"அழகரு இறங்குறதுக்கே ஆத்துல தண்ணி இல்லைங்கறாக. நீ எங்கிட்டுப் போய் விழுவ?"

மூங்கில் மேல் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். விருமாண்டி சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பசுபதி பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"பசுபதி, சாமி இங்கன வரையில இந்த வளைவு எரியலைன்னா, இந்தச் சனம் என்னையக் கேக்கும். நான் உன்னையக் கேப்பேன். நான் கேக்குற விதம் உனக்குத் தெரியாது. உக்காரு. சுரண்டு."

பசுபதி உட்கார்ந்தான்.

தவசி மற்றவர்களுக்கு வேலை சொன்னான். மூன்று காலும் அதற்கு மேலும் இருக்கிற சாமானை மட்டும் பிடுங்குங்க. பிடுங்கினதை மேல் பக்கம் மாட்டாதீங்க. போர்டைக் கவுத்து, செம்புப் பக்கத்தில், வயிற்றில் வைத்து ஈயம் வையுங்க. கருகின இடத்துக்குப் புது ஐ.சி. புரண்டுபோன போர்டுக்குப் புரட்டி மாட்டினால் எல்லாம் நேராகிவிடும். ஒரு போர்டை முடித்து வயரைக் கொடுத்தான். மயிலின் ஒரு தோகை மட்டும் பச்சையும் நீலமுமாக ஓடியது. மேலே இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

பசுபதி பிளேடும் கையுமாக நிமிர்ந்து பார்த்தான். "என்ன கோளாறு இதுல?" என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

இந்தக் கேள்விக்குத்தான் தவசி இத்தனை வருசம் காத்துக்கிடந்தான். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பிலிமு புரண்டு கிடக்கு. நான்தான் புரட்டி ஒட்டினேன். ஆனா மூலையில என் எழுத்தையும் புரட்டித்தான் ஒட்டியிருந்தேன். அதை நீ விட்டு வச்சிருந்தேன்னா, ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். திருப்பிப் போட்டிருப்ப, தப்பிச்சிருப்ப. உனக்கு என் எழுத்தைக் கண்டா ஆகலை. சுரண்டிட்டு உன் எழுத்தை வச்ச. ப-வுக்கு ஏது முதுகு? முன்னால பாத்தாலும் அதேதான், பின்னால பாத்தாலும் அதேதான். அது உனக்கு எப்படி வழி சொல்லும்?"

பசுபதி கையிலிருந்த போர்டைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி திருப்பினான். முகம் செத்துப்போனது.

"சுரண்டு. பொழுது போகுது" என்றான் தவசி.

பசுபதி எழுதின முதல் 'த'வைப் பார்த்து, "கொக்கி எங்க? எங்க வாத்தியாரா இருந்தா முட்டியைப் பேத்திருப்பாரு. அழிச்சுட்டு எழுது" என்றான். அழித்து எழுதினான். இரண்டாவதுக்கும் கொக்கி கோணல். அதையும் அழிக்க வைத்தான். பெயிண்டும் செம்புத்தூளும் ஈயக்கரியுமாகப் பசுபதியின் கை மணிக்கட்டு வரை நிறம் மாறியது. வெள்ளைச் சட்டையின் கையிலும் ஏறியது. அவன் கேட்காமலே முத்துத்தாய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, கழுவப் போனவனைப் பார்த்து, "அது போகாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெயில் இறங்கி, தல்லாகுளத்துப் பெருமாள் கோயில் கோபுரம் சிவந்த நேரத்தில் கடைசி போர்டு மேலே போனது. விருமாண்டி அழகரைக் கும்பிட்டு சுவிட்சைத் தட்டினார். தாமரை விரிந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கியது. மயில் தோகையை விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. ரோட்டில் நின்ற சனம் "கோவிந்தா!" என்று போட்ட சத்தம் புதூர் வரை கேட்டிருக்கும். அந்த வெளிச்சம் அத்தனையும் 'த' வழியாகப் போன கரண்டு. அது ரோட்டில் நின்றவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவன் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வளைவுக்கு அடுத்த பந்தலில் அன்னதானம். விருமாண்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். புளியோதரை ஆவி பறக்க அண்டா அண்டாவாக இருந்தது. வேலை பார்த்தவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பசுபதி நழுவப் பார்த்தான். விருமாண்டி அவன் தோளைப் பிடித்து அழுத்தி, "சாமி சோறு. வேணாம்னு போகக் கூடாது" என்று உட்கார வைத்தார். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

பரிமாறினது முத்துத்தாயும் இன்னும் இரண்டு பொம்பளைகளும். பசுபதி முன்னால் இலையைப் போட்டது முத்துத்தாய்தான். மடங்கியிருந்த இலையை அவள் மெதுவாக, நீவி நீவி விரித்தாள். விரித்துவிட்டு, வாளியைத் தூக்கித் தவசியிடம் நீட்டினாள்.

"கரண்டி?" என்றான் தவசி.

"கரண்டி எதுக்கு?" என்றாள் அவள்.

தவசி வாளிக்குள் கையை விட்டான். நகக்கண் வரை மஞ்சளான கை. அள்ளினான். பந்தியே பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்து, பசுபதி இலையில் வைத்தான்.

"இந்தக் கையைப் பாரு பசுபதி. பாத்துட்டியா? ம். சாப்பிடு."

பசுபதி அண்ணாந்து அவனைப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஆட்கள். எதிரே விருமாண்டி. குனிந்து, தன் கறுத்துப்போன விரலால் பிசைந்து ஒரு கவளம் எடுத்தான். வாயில் வைத்தான். மென்றான். தவசி நகரவில்லை. தீருகிற மாதிரி இருந்தபோது கேட்காமலே இன்னொரு கை அள்ளி வைத்தான். பசுபதி போதும் என்று இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினான். தவசி அந்தக் கையை விலக்கிவிட்டு வைத்தான். அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது தோளில் அந்த மஞ்சக் கையை வைத்து அழுத்தினான்.

"எந்திரிக்காத. நான் எழுப்ப மாட்டேன். எங்க பந்தியில யாரையும் எழுப்புற பழக்கம் இல்ல" என்றான்.

இலை காலியாகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.